மூடவா என்று கேட்டது

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்குப் புது மென்பொருள் வந்த அன்று, அதைச் சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர் முதலில் கேட்டது, "இங்கே இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் யார்?" என்பதுதான். சிங்களத்தில் கேட்டார். தோட்டத்து மேலாளரான தொரை தன் அறையில் போனில் பேசிக்கொண்டிருந்தார். பெரிய கிளாக்கர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே என் பக்கம் தலையை ஆட்டினார். ஆபீசில் மிச்சம் இருந்தது நான் மட்டுந்தான்.

"நீயே பாத்துக்க புள்ள" என்றார் ஐயா. "எனக்குக் கண்ணும் பத்தாது, காலமும் பத்தாது."

அதுவரை நான் சின்னக் கிளாக்கர். தோட்டத்தில் பேர் பதிந்த எல்லோரையும் எழுதிவைக்கும் பெரிய புத்தகத்தில் ஐயா சொல்லச் சொல்ல எழுதுவது, கடிதம் தட்டச்சு செய்வது, தொரைக்குத் தமிழ் மொழிபெயர்த்துச் சொல்வது, இவைதான் என் வேலை. இனி அந்தப் புத்தகம் தேவையில்லை என்றார் வந்தவர். யார் வேலைக்கு வந்தார், எவ்வளவு ரப்பர் பால் கொண்டுவந்தார், வரிசை வீடுகளான லயங்களில் எந்தக் காம்பிராவில் யார் குடியிருக்கிறார், யாருக்கு லீவு, எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். ஒன்றைத் தொட்டால் மற்றதெல்லாம் தானாக மாறும். அவர் அதைப் பெருமையாகச் சொன்னார்.

இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. முதலில் ஆட்களைப் பதிய வேண்டும், பிறகுதான் அவர்களுடைய வேலையைப் பதிய முடியும் என்றார். உலை வைக்காமல் அரிசியை எங்கே போடுவது? ஒரு பேரை இரண்டு விதமாக எழுதக்கூடாது என்றார். எங்கள் கோயில் திருவிழாவுக்குச் சாப்பாட்டுக் கணக்கு எடுக்கிற வருடங்களில், ஒரே ஆளை வீட்டுப் பேரிலும் ஞானஸ்நானப் பேரிலும் எழுதி இரண்டு பார்சல் கொடுத்திருக்கிறோம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அடைப்பதற்கு முன் ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றார். வீட்டைப் பூட்டிப் பயணம் போகிறவள் அடுப்பைப் பார்க்காமலா போவாள்? நான் இப்படி மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே போனேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவர், "மிஸ் இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது இத செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சேர். வீட்டு வேலதான் செஞ்சிருக்கேன்."

அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவர் பதிய வேண்டும், வேறொருவர் பார்த்துச் சரி என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு பேருக்கு இரண்டு கடவுச்சொல். அதுவும் எனக்குப் புரிந்தது. பெரிய சோற்றுப் பானையை வடிக்கும்போது நான் பானையைச் சாய்ப்பேன், அம்மா மூடியைப் பிடிப்பார். தனியாக வடிக்கப் போய் ஒருமுறை கையைப் பொசுக்கிக்கொண்டிருக்கிறேன்.

அவருடைய வாகனம் கேட்டைத் தாண்டியதும் பெரிய கிளாக்கர் ஐயா ஒரு துண்டுக் காகிதத்தை என் மேசையில் வைத்தார். அவருடைய கடவுச்சொல்.

"ரெண்டையும் நீயே பண்ணிரு புள்ள" என்றார். "நான் பாத்து என்ன வெளங்கப் போகுது."

நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் அப்பா செத்தபோது ஓடியாடி எல்லாம் பார்த்தவர் அவர். இந்த வேலையை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான்.

ஆறு மாதத்தில் அந்த நாற்காலி என்னைப் பிடித்துக்கொண்டது. ஆபீஸ் ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. அதன் ஓரமாக வைத்தால்தான் இன்டர்நெட் பெட்டிக்குச் சிக்னல் கிடைக்கும். அதனால் மேசையையும் என்னையும் அந்த மூலைக்கே தள்ளினார்கள். அன்றைய பதிவை அன்றைக்கே அனுப்பாவிட்டால் அடுத்த நாள் திறக்காது. மழை வந்தால் சிக்னல் போகும், இடி இடித்தால் கரண்ட் போகும். இரண்டும் வரும்வரை நான் கம்பி வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே இடைவெளியில் வரிசை வரிசையாக மரம். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் தொரை, தோட்டம் தந்த என் குவார்ட்டர்சுக்கே ஜீப் அனுப்பி என்னைக் கூட்டிவரச் செய்தார். திட்டவில்லை. "நீங்க இல்லாட்டி எல்லாம் நின்னுரும் நங்கி" என்று சிங்களத்தில், தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் கேகாலை டவுனில் ஓர் அலுவலகத்தில் தமிழும் சிங்களமும் தெரிந்த ஆள் தேடினார்கள். போய்ப் பேசினேன். அவர்களுக்குப் பிடித்திருந்தது. இங்கே வேலை செய்ததற்குத் தோட்டம் தரும் சேவைக் கடிதம் மட்டும் கொண்டுவரச் சொன்னார்கள். தொரையிடம் கேட்டேன்.

"தர்றேன். முதல்ல உங்க எடத்துக்கு ஒரு ஆள பழக்குங்க."

"யாரப் பழக்குறது சேர்?"

"பாப்போம்."

ஆள் வரவில்லை. கடிதம் இல்லாமல் போகலாந்தான். ஆனால் வேலையை விட்ட மாதமே குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட வேண்டும். அம்மா முப்பது வருடம் மேட்டிலும் பள்ளத்திலும் பால் வெட்டி முழங்கால் தேய்ந்தவர்; வீட்டு வாசல் படியையே பிடித்துப் பிடித்துத்தான் இறங்குவார். அவரைக் கூட்டிக்கொண்டு டவுனில் எந்த மாடிப்படி ஏறுவது? கேகாலைக்காரர்கள் இரண்டு மாதம் பொறுத்தார்கள். பிறகு வேறு ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். அதை எனக்குச் சொன்ன போன் வந்தபோதும் நான் அந்தக் கம்பி ஜன்னல் ஓரத்தில்தான் இருந்தேன்.

இப்போது என் சிநேகிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புவரை என்னோடு ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து படித்தவள். பதினெட்டு வயதில் பேர் பதிந்து, பால் வெட்டப் போனாள். அவளுடைய வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் இல்லை. கீழ் லயத்தில் கடைசிக் காம்பிரா அவளுடையது. வாசலில் சிமெண்டு பூசி, பின்னால் தகரம் இறக்கிக் குசினி கட்டி, அதை ஒரு வீடாகவே ஆக்கி வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலை, நான் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும்போது பையோடு வந்து நின்றாள்.

"எங்கம்மாவுக்கு ரொம்ப முடியலயாம். றக்வானக்கிப் போறேன். எத்தன நாளாகும்னு தெரியாது. ஆபீஸ்ல சொல்லிரு புள்ள."

"நீ போ. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அவள் ஓடிப்போய் பஸ் ஏறினாள்.

ஆபீசுக்கு வந்து அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். வரவில்லை என்று போட்டால் சிஸ்டம் காரணம் கேட்கும். காரணங்கள் ஏற்கெனவே எழுதியிருக்கும். அதில் ஒன்றைத்தான் தொட வேண்டும். சுகயீனம், வருட லீவு, பிரசவம், மழை, அறிவிக்காமல் வராமை. அம்மாவுக்கு முடியவில்லை என்று ஒன்று இல்லை. சொல்லிவிட்டுப் போனாள் என்றும் இல்லை. வருட லீவு போட அவளுடைய கையெழுத்து வேண்டும். வந்ததும் வாங்கிச் சரிசெய்யலாம் என்று நினைத்து, தற்காலிகமாக 'அறிவிக்காமல்' என்பதைத் தொட்டேன். அறிவித்தவள் எனக்குத்தான் அறிவித்திருந்தாள். அடுத்த நாளும் அதையே தொட்டேன். நாலைந்து நாளில் என் விரல் யோசிக்காமலே அங்கே போனது.

றக்வானையில் அவளுடைய அக்கா இருக்கும் லயத்துக்குப் போன் சிக்னல் இல்லை. இரண்டு வாரம் கழித்து யார் மூலமாகவோ செய்தி வந்தது, அம்மா செத்துவிட்டார் என்று. கருமாதி முடித்து, அக்காவுக்குத் துணையாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவாள் என்றார்கள். அன்றைக்கே நான் அவளுடைய பக்கத்தைச் சரிசெய்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஆண்டவரே, அன்றைக்கு என்ன வேலை இருந்தது என்றுகூட இப்போது ஞாபகமில்லை.

ஒரு மாதம் தாண்டியதும் நினைவு வந்தது. லீவைச் சரியாகப் போட்டுவிடலாம் என்றுதான் அந்தப் பிற்பகல் அவளுடைய பக்கத்தைத் திறந்தேன். வெளியே வானம் கறுத்திருந்தது. பால் ஏற்ற வந்த லொறி, சீட்டுக்காக ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. கொழும்புத் தலைமை ஆபீசிலிருந்து அன்றைய அளவைக் கேட்டுப் போன். அவளுடைய பக்கம் திறந்ததுமே ஒரு சின்னப் பெட்டி குதித்து வந்தது. இங்கிலீஷில் இரண்டு வரி. முதல் வரியை நான் வாசிக்கவில்லை. இரண்டாவது வரி, க்ளோஸ் செய்யவா என்று கேட்டது. பக்கத்தை மூடவா என்று கேட்கிறது என்று நினைத்தேன். லொறிக்காரனை அனுப்பிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று ஆம் என்பதை அழுத்தினேன்.

பக்கம் மூடியது. அவளும் மூடப்பட்டாள். முப்பது நாள் அறிவிக்காமல் வராதவருடைய பேரை வெட்டி மூடவா என்பதுதான் அந்தக் கேள்வி.

அப்போதும் தப்பியிருக்கலாம். சாயங்காலம் ஐயாவின் கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனபோது, ஒப்புதலுக்குக் காத்திருந்த வரிசையில் அந்தப் பேர் வெட்டும் இருந்திருக்கும். நான் வழக்கம்போல 'எல்லாவற்றுக்கும் ஒப்புதல்' என்பதை ஒரே அடியாக அழுத்தினேன். பதிந்தவளும் நான், பார்த்தவளும் நான். உண்மையில் யாருமே பார்க்கவில்லை. அவளுடைய லீவைத் திருத்த வந்ததும் மறந்துபோனது, மறுநாள் பட்டியலில் அவள் பேர் வராததையும் நான் கவனிக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் தானாக நடந்தது. பேர் இல்லாத ஆளுக்குக் காம்பிரா இல்லை. மாதக் கடைசியில் காலியான காம்பிராக்களின் பட்டியல் அச்சாகி, தொரைக்கு அடுத்த அதிகாரியான சின்னத் தொரையின் கைக்குப் போனது. மாமியார் வீட்டில் பத்துப் பேரோடு நெருக்கி இருந்த ஓர் இளம் தம்பதி, கைக்குழந்தையோடு வருடக்கணக்காகக் காம்பிரா கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்தார். பூட்டை உடைத்துச் சாமான்களைச் சாக்கில் கட்டி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளமடுவத்தில் ஒரு மூலையில் போட்டார்கள். நான் இருந்தது ஆபீசில். அது நடந்தது கீழ் லயத்தில். எனக்கு யாரும் சொல்லவில்லை. சிஸ்டத்தில்தான் இருக்கிறதே, எனக்குத் தெரியாமலா இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள்.

அவள் ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது வந்து இறங்கினாள். நேரே, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் ஆட்களோடு வரிசையில் நின்றிருக்கிறாள். கங்காணி கையிலிருந்த அச்சுப் பட்டியலை இரண்டு தரம் பார்த்துவிட்டு, "ஒன் பேரு இல்ல தாயி" என்றாராம். அவள் ஆபீசுக்கு வந்தபோது நான் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"என்னா புள்ள, எம்பேரு இல்லங்கிறாங்க? நீதான் சொல்றேன்னியே."

"இரு, பாக்குறேன்."

பார்த்தேன். அவளுடைய பேர் சாம்பல் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் நாள், மணி, என் பேர். கீழே ஒப்புதல் கொடுத்தவர் என்று ஐயாவின் பேர்.

"என்னா போட்டிருக்கு?" என்று கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"சிஸ்டத்துல ஏதோ பெசகு" என்றேன். "சரி பண்ணிரலாம்."

அந்த வார்த்தை வாயிலிருந்து அவ்வளவு இலகுவாக வந்தது. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி. சிஸ்டம் என்று ஒன்று வந்ததிலிருந்து நாங்கள் எல்லோருமே அப்படித்தான் சொல்லப் பழகியிருந்தோம்.

காம்பிராவும் போய்விட்டது என்பது அவளுக்கு அங்கே போய்ப் பார்த்தபிறகுதான் தெரிந்தது. அவள் பூசிய சிமெண்டு வாசலில் குழந்தைத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. போக இடமில்லாமல் என் குவார்ட்டர்சுக்கு வந்தாள். அம்மாதான் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

நாலு நாள் அவள் எங்கள் வீட்டில் இருந்தாள். செத்துப்போன அம்மாவை நினைத்து அழுவாள், பிறகு எழுந்து குசினிக்குப் போய் எனக்குச் சமைத்து வைப்பாள். என் அம்மாவின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். "நீ இல்லாட்டி நான் ரோட்டுலதான் நிக்கணும்" என்று என்னிடம் சொன்னாள். அவள் போட்ட சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். பகலில் ஆபீசில் அந்தச் சாம்பல் நிறப் பேர், மாலையில் வீட்டில் அவள். நான் எங்கேதான் போவது?

பெரிய கிளாக்கர் ஐயாவிடம் இரண்டாம் நாளே சொல்லிவிட்டேன். திரையைக் காட்டினேன். தன் பேரைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் நாலு மாசந்தான் புள்ள இருக்கு" என்றார். "முப்பத்தேழு வருசம். ஒரு கறுப்புப் புள்ளி இல்லாம போகணும்னு பாக்குறேன்."

"அப்ப என்னாங்கய்யா பண்றது?"

"புதுசா பேரப் பதிஞ்சுருவோம். நாளைக்கே வேலைக்கு வரலாம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

புதிதாகப் பதிந்தால் அவளுடைய இருபது வருடமும் இல்லாமல் போகும். காம்பிரா கேட்கிறவர்களின் வரிசையில் கடைசி ஆளாக நிற்பாள். அது ஐயாவுக்கும் தெரியும். அவர் என் கண்ணைப் பார்க்காமல் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். என்மேல் அவருக்கு இருந்த உரிமையை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே அது அங்கே உட்கார்ந்திருந்தது.

நாலாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அம்மா வாசலில் இருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன்" என்றாள், கையை நிறுத்தாமல். "பேர வெட்டுனது யாருன்னு அந்த சிஸ்டத்துல தெரியுமா?"

"தெரியும்."

"தெரியுமா? அப்ப சொல்லு, நான் போயி கேக்குறேன். யாரு?"

"நான்."

துருவுகிற சத்தம் நின்றது. அவள் சிரிக்கப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அது பாதியில் போய்விட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். லொறி, போன், பெட்டி, இரண்டாவது வரி, ஐயாவின் கடவுச்சொல், எதையும் விடவில்லை. நான் முடித்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நாலு நாளு ஏன் சொல்லல?"

அவள் கையைக் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, என் அம்மாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள். துருவிய தேங்காய் அப்படியே பலகையில் இருந்தது. வாசலில் இருந்த அம்மாவுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

இரண்டு நாள் அவள் மேல் லயத்தில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்ததாகக் கேள்விப்பட்டேன். மூன்றாம் நாள் காலை ஆபீசுக்குள் வந்தாள். எப்போதும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவள், அன்றைக்கு உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எதுல அமுக்குன? காட்டு."

காட்டினேன். அந்தப் பெட்டியில் இருப்பதைத் தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னாள்.

"கத்திய மரத்துல வைக்க முந்தி வெரலால தடவிப் பாப்போம், பட்ட எவ்வளவு கனம்னு" என்றாள். "ஆழமா எறங்குனா காயம். அந்த எடத்துல பல வருசத்துக்குப் பால் வராது. கங்காணி கெட்ட வார்த்தையில ஏசுவாரு. ஒன்னைய யாரும் ஏசலயா?"

"இன்னும் இல்ல."

"யாருகிட்டச் சொன்னா சரியாகும்?"

"கொழும்பு ஆபீஸ்ல. நான் போறேன்."

"நீ மட்டும் போயி, அவங்க ஒண்ணு சொல்ல, நீ பயந்துக்கிட்டு சரின்னு வந்துருவ. நானும் வாரேன்."

தொரையிடம் லீவு கேட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். பிறகு, போவதற்கு முன் அன்றைய பதிவை முடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த நாள் ரம்புக்கனையில் காலை ரயில் ஏறினோம். அலுவலகத்துக்குப் போகிறவர்களின் நெரிசலில் அவளுக்கு மட்டும் ஓர் இருக்கை கிடைத்தது. நான் அவள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல். அவள் என்னோடு பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும் என் கையிலிருந்த பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

தலைமை ஆபீசில் ஒரு மேடம் எங்களைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் எழுதிக்கொண்டுபோன கடிதத்தை வாசித்தார். தவறு என்னுடையது, கடவுச்சொல்லும் என் மேசையில் இருந்தது, ஒப்புதலும் நான்தான் கொடுத்தேன் என்று எழுதியிருந்தேன். ஐயாதான் தன் கையால் கொடுத்தார் என்பதை எழுதவில்லை. அது பொய்யா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானம் இல்லை.

"மூடினதைத் திறக்க முடியாது" என்றார் மேடம் சிங்களத்தில். "புது ஆளா பதிஞ்சு தர்றோம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் சிநேகிதி சிங்களத்திலேயே பேசினாள். தோட்டத்துச் சிங்களந்தான், ஆனால் குரல் நடுங்கவில்லை.

"மிஸ், நான் வெளிய போகவே இல்ல. போகாத ஆள் எப்படிப் புதுசா வர்றது?"

மேடம் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். போனை எடுத்து மென்பொருள் செய்தவர்களோடு பேசினார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். முடியாது என்றவர்கள் பிறகு முடியும் என்றார்கள். ஆனால் திறப்பதற்கும் ஒரு காரணம் கேட்குமாம். அவர் திரையை என் பக்கம் திருப்பினார். மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றையும், அதற்கு மேலே இருந்த வரியையும் சேர்த்து, நான் மெதுவாக, சத்தமாக, தமிழில் வாசித்தேன். மூன்றாவது, பதிவாளரின் தவறு. என் கையாலேயே அதைத் தொட்டேன். மேடம் தன் கையால் ஒப்புதல் கொடுத்தார்.

அவளுடைய பேர் கறுப்பாக மாறியது. பழைய இலக்கம், இருபது வருடமும் அப்படியே.

காம்பிரா மட்டும் திரும்பி வரவில்லை. சின்னத் தொரை அந்தத் தம்பதியைக் காம்பிராவை விட்டு எழும்பச் சொல்லவும் தயாராகத்தான் இருந்தார். அவள் ஒருநாள் அங்கே போனாள். குழந்தைக்குச் சளி, நெஞ்சில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்களாம். சாமான்களில் விடுபட்டுப்போன ஒரு சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். தோட்டத்தின் இன்னொரு பகுதியான மேல் டிவிஷனில் ஒழுகுகிற ஒரு காம்பிரா காலியாக இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள். அங்கிருந்து பெரட்டுக்களத்துக்கு ஏற்றமும் இறக்கமுமாக முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், மழை நாளில் கால் முழுக்க அட்டை. அவளுடைய வீட்டுக்காரர் வந்து கூரைத் தகரத்தை மாற்றிப் போட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய்த் தகரம் பிடித்துக் கொடுத்தேன். அவர் என்னோடு நன்றாகப் பேசினார். அவள் தேத்தண்ணி கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை. பழையபடி "புள்ள" என்று கூப்பிட அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஐயா குறித்த நாளில் ஓய்வு பெற்றார். பிரியாவிடையில் மாலை போட்டுக்கொண்டு, இந்தப் பிள்ளைதான் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தது என்று பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் போன பிறகு ஒப்புதல் கொடுக்க வேறு ஆள் வேண்டுமென்று பிடிவாதமாக நின்றேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சிங்கள நங்கி வந்து சேர்ந்தாள். முதல் நாளே அவளுடைய கடவுச்சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள், வசதிக்காக. நான் வாங்கவில்லை. அவளுக்கு முகம் வாடிவிட்டது. நான் பதிவதை அவள் ஒவ்வொன்றாக வாசித்துக் கேள்வி கேட்பாள். எனக்குச் சில நேரம் எரிச்சல் வரும். ஆனாலும் பதில் சொல்கிறேன்.

யாருக்காவது லீவோ, பேர் மாற்றமோ, காம்பிரா மாற்றமோ என்றால் இப்போது அந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்துத்தான் செய்கிறேன். வரும் பெட்டிகளையெல்லாம் தமிழில் வாசித்துக் காட்டுவேன். சிலருக்கு அது அலுப்பு. "நீங்க போடுங்கக்கா, நான் வேலைக்குப் போகணும்" என்பார்கள். விடமாட்டேன்.

இங்கிருந்து என்னால் இன்னும் போக முடியவில்லை. ஆள் பழக்கிவிட்டேன், இனிக் கடிதம் தாருங்கள் என்று மறுபடி கேட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாதே என்றார் தொரை. அதுவும் உண்மைதான். அம்மாவின் முழங்கால் இன்னும் மோசமாகிவிட்டது, இப்போது படியே இறங்குவதில்லை. போன வாரம் நாலாவது தடவையாக விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். தொரை வாங்கி வாசித்து, மடித்து, மேசை லாச்சிக்குள் வைத்தார். மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வெளியே ஆட்கள் பால் வாளிகளோடு வந்து நிற்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து பதிவு போட என் மேசைக்குப் போனேன்.